தாளில் செத்துப்போன மாடு

எங்கள் பால் சங்கத்து ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் சோதிக்கும் புது இயந்திரம் வந்த நாளிலிருந்து கால்நடை டாக்டர் விர்யவானின் நடையே மாறிவிட்டது. முன்பெல்லாம் மாட்டைத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்வார். இப்போது தாளைப் பார்த்து மாட்டைச் சொல்கிறார். சங்கத்தில் பால் சோதித்து வாங்குவது என் வேலை; பாலில் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் என் கண்ணாடி மிதவைக்கு அவர் வைத்த பெயர் 'பொம்மை'. ஜாவாவின் இந்த மெராபி மலைச் சரிவில் அறிவியல் அவரோடுதான் குடியேறியது என்பது அவர் கட்சி.

கன்று போட்டு மூன்று நாளான தன் பசு மெனூர் சரியாகத் தின்னவில்லை என்று சுகெமி அம்மா, எங்கள் பேச்சில் இபு சுகெமி, அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்று சங்கச் செய்திமடலுக்குப் படம் பிடிக்க ஆள் வந்திருந்ததால் டாக்டரே ரத்தம் எடுத்தார். ஊதா மூடிக் குழாய் நிறைந்தது. சிவப்பு மூடிக் குழாய் பாதி நிறைவதற்குள் மாடு உதறிவிட்டது. பாதிக் குழாயைத் தூக்கிப் பிடித்தால் படத்தில் நன்றாகவா இருக்கும்? ஊதாவிலிருந்து சிவப்பில் ஊற்றி நிரப்பினார். படம் பிரமாதமாக வந்தது.

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நிங்ரும் என்ற பெண் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரிங்க பாக்" என்றாள்; அதாவது, சரிங்க ஐயா. ஜாவாவில் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே 'தப்பு' என்று சொல்வதற்குப் பதில் அவர் தலையில் தேநீரைக் கொட்டிவிடலாம்.

மதியத்துக்குள் தாள் வந்தது. கால்சியம் 1.2. ஒன்பது, பத்து இருக்க வேண்டியது.

"இந்த அளவுல மாடு நிக்கவே முடியாது, இபு. உயிர் போற நிலைமை! உடனே ரெண்டு பாட்டில் கால்சியம் நரம்புல ஏத்தணும்."

"நிக்குதே, பாக் டாக்டர். உங்க ரோஜாச் செடிய மேஞ்சுக்கிட்டு நிக்குது."

"நிக்கிற மாதிரி தெரியும்."

சுகெமியின் முகம் வெளுத்தது. கால்சியம் குறையாத மாட்டுக்கு அதை மளமளவென்று ஏற்றினால் இதயமே நின்றுவிடும். போன வருஷம் பக்கத்து வீட்டு மாடு ஊசி கழுத்தில் இருக்கும்போதே சாய்ந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அவர் வீட்டில் இருப்பது இந்த ஒரு மாடு. ஆனால் அவரும் ஜாவாக்காரர்தானே. 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வரவில்லை. நிங்ருமைப் பார்த்தார்.

"பாக் டாக்டர், எனக்கு ஒரு சின்ன ஆசை," என்றாள் நிங்ரும். "இயந்திரம் புதுசு. நல்ல திடகாத்திரமான ஒருத்தர் ரத்தத்தையும் ஓட்டி ஒப்பிட்டுக் காட்டினா உங்க அறிக்கைக்கு இன்னும் மதிப்பு. அப்படி ஒருத்தர் இங்க யாரு இருக்கா, உங்கள விட்டா?"

அவள் முடிப்பதற்குள் டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

"மாட்டுக்கு எடுத்த மாதிரியே எடுக்கட்டுங்களா?"

"அப்படியே எடு. முறைன்னா முறை."

அப்படியே எடுத்தாள். ஊதா நிறைய, சிவப்பு பாதி, பிறகு அதிலிருந்து இதில் ஊற்றல். குழாயைச் சுழலவிட்டு, மேலே தெளிந்து நின்ற நீரை எடுத்துச் சாயக் கரைசலில் ஒரு துளி விட்டாள். கால்சியம் எவ்வளவோ அவ்வளவு அடர்த்தியாகச் சாயம் கத்தரிப்பூ நிறமாகும். அதன் வழியே ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு வடிகட்டப்பட்டது என்று இயந்திரம் கணக்குப் போடும். ஒப்பிட வைத்திருந்த, அளவு தெரிந்த கரைசல் ஜம்மென்று நிறமேறியது. டாக்டருடையது சோகை பிடித்தாற்போல் வெளிறிக் கிடந்தது.

1.4.

"ஐயோ ஆண்டவனே!" என்றார் சுகெமி. "நிக்காதீங்க பாக் டாக்டர், படுங்க!"

"நிக்கிற மாதிரிதான் தெரியுது, இபு," என்றேன் நான்.

"பாட்டில் ரெண்டும் தயாரா இருக்கு. உங்களுக்கே முதல்ல ஏத்திடலாமா?" என்றார் சுகெமி.

டாக்டர் அந்த ஊசியின் நீளத்தை முதல்முறையாகக் கவனித்தார்.

நிங்ரும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊதா மூடிக் குழாய்ல ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து இருக்கும், பாக். அது கால்சியத்தக் கவ்விப் பிடிச்சுக்கும். சாயத்துக்கு மிச்சம் விடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். நீ கண்டுபிடிக்கிறியான்னுதான் பார்த்தேன்."

"சரிங்க பாக்."

புதுச் சிவப்புக் குழாயில், வேறெதையும் கலக்காமல், மெனூரின் ரத்தம் மறுபடி ஓடியது. 9.3. பாட்டில்கள் அலமாரிக்குத் திரும்பின. டாக்டர் வெளியே வந்து மாட்டின் வயிற்றில் காதை வைத்தார்.

"வயிறு மந்தம். என்ன போட்டீங்க?"

"கன்னு போட்ட சந்தோஷத்துல சோயாச் சக்கை கொஞ்சம் கூடுதலா..."

"எவ்வளவு?"

"ஒரு மூட்டை."

இரண்டு நாளைக்கு வெறும் புல் என்று தீர்ப்பாயிற்று. மெனூருக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லையோ என்னவோ, வேனில் ஏற மறுத்து நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. நிற்கவே முடியாத அந்த மாட்டை நகர்த்த நாங்கள் நாலு பேரும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது.