ஏழாம் பீப்பாய்

ஏழாம் பீப்பாய்க்குள் கண்ணாடிக் குழாயை விட்டு, மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினாள் ஒதீல். வெள்ளை ஒயின் ஒரு சொட்டும் சிந்தாமல் கோப்பையில் இறங்கியது. சிந்தியிருந்தால் அண்ணன் கேலி செய்திருப்பான். இன்றைக்கு அவனுக்குக் கேலி செய்யவும் மூச்சு போதவில்லை. பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மொந்த்ரோல் திராட்சைத் தோட்டத்து முற்றத்துக்குத் தெற்கே சிவப்பு ஒயின் கிடங்கு, வடக்கே வெள்ளை. தெற்கு அண்ணன் அன்செல்முடையது, வடக்கு அவளுடையது. முந்நூறு வருஷத்துத் தோட்டத்துக்குப் பேர் வாங்கித் தந்தது சிவப்புதான். அதை அவள் மறுத்ததில்லை. அவன் மூக்கு அப்படி. இருநூறு பீப்பாய்களில் ஒன்று கெடத் தொடங்கினால் வாசலில் நின்றே எதுவென்று சொல்லிவிடுவான். அந்த மூக்குக்கு முன்னால்தான் முப்பத்தோரு வருஷமாகத் தன் வெள்ளையைக் கொண்டுபோய் நீட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு வாய் எடுப்பான், கன்னத்தில் உருட்டுவான், வாளியில் துப்புவான். "மோசமில்ல" என்பான். அவ்வளவுதான்.

ருசி பார்க்கிறவர்கள் துப்பத்தான் வேண்டும், அவளும் துப்புகிறவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், வெள்ளை ஒயினோடு மட்டுமே சாப்பிடுகிற சிப்பி வைத்த மேஜையில்கூட, அவன் தன் சிவப்பையே ஊற்றிக்கொள்வான். சிப்பிக்குச் சிவப்பு குடிக்கிற ஒரே ஆள் என்று ஊரே சிரித்தது. அவளுடைய ஒயின் ஒரு மிடறுகூட அவன் தொண்டைக்குள் இறங்கியதில்லை. அது அவளுக்குத் தீராத குறை. வாய்விட்டுச் சொன்னதில்லை.

படுக்கையறையில் செவிலி மைத்தே தலையணையை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"உதட்ட நனைச்சாப் போதும்க்கா. விழுங்கச் சொல்லாதீங்க."

"இவனா? என் ஒயினையா? விழுங்கிட்டாலும்!"

அன்செல்ம் கண்ணைத் திறந்தான். "என்ன புள்ள... எலுமிச்சத் தண்ணியா?"

"ஆமா, உன் செவப்பு மசிக்கு இது தேவல. அடுத்த வாரம் பாட்டில்ல அடைக்கணும்ணே. புதுப் பழம் வருது, பீப்பா காலியாகணும். நீ பாக்காம எப்படி அடைக்க?"

"வாளி?"

"இந்தா இருக்கு." காலையில்தான் துடைத்து வைத்த தகர வாளியைக் கட்டிலோடு ஒட்டி வைத்தாள்.

அவன் தலையைத் தாங்கிக் கோப்பையை மூக்கருகே பிடித்தாள். வெகுநேரம் முகர்ந்தான்.

"கோயிலடித் துண்டு," என்றான். "மழைக்கு... முந்தின நாள் பறிச்சது."

ஏழாம் பீப்பாயில் அந்தத் துண்டு நிலத்துப் பழம் மட்டும் இருப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாகக் கிடக்கும்போதும் இப்படி ஒரு மூக்கா! பெருமையில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் மெல்ல உருட்டினான்.

முற்றத்தில் டிராக்டர் வந்து நின்றது. "ஒதீலக்கா! பழம் வந்துருச்சு, எங்க எறக்க?"

ஜன்னலுக்கு ஓடினாள். "நெழல்ல வைங்கப்பா! நசுக்கிராதீங்க!"

திரும்பியபோது அவன் தலை வாளிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் மூடியிருந்தது. அந்த 'மோசமில்ல'வுக்காக அவள் காத்து நின்றாள். மைத்தே அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போயிட்டாருக்கா."

துப்பிவிட்டுப் போய்விட்டான், வழக்கமான அந்த ஒரு வார்த்தைகூட இந்த வருஷம் இல்லை. ஒதீல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணனுக்காக அழுதாளா, வார்த்தைக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பாதிரியார் வந்து போனார். பழம் பறித்தவர்கள் பிசுபிசுத்த கையோடு தொப்பியைக் கழற்றி வரிசையாக வந்து நின்று போனார்கள். மதியத்துக்கு மேல், அறையை ஒழுங்கு செய்யலாம் என்று வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குப் போனாள்.

குழாயில் கை வைத்தவள் வாளிக்குள் பார்த்தாள். அடித்தகரம் ஒரு சொட்டுகூட விழாமல் காய்ந்து கிடந்தது. காலையில் துடைத்த துணியின் நூல் ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

குழாயைத் திறக்கவில்லை. தெற்குக் கிடங்குக்குப் போய், அவன் வழக்கமாக மாட்டும் ஆணியில், வாளியை அப்படியே மாட்டிவிட்டு வந்தாள்.