மெயினருவியில் பட்டாபிஷேகம்

தென்காசியில் பஸ் ஏறியதிலிருந்து நம்பிராஜன் அண்ணாச்சி ராஜாக்களை விடவில்லை. கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"கிரீடத்தோட எவனும் பொறக்கலவே! பொறக்கும்போதே எல்லாருக்கும் ஒரே உரிமைதான். ராஜா மவன்ங்கதுக்காக அவனும் ராஜாவா? அப்பன் எந்திரிச்சுட்டா நாற்காலி ஊருக்குச் சொந்தம்!"

பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடை ஒலி முகம்மதுவுக்குத் தலையாட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

குற்றாலத்தில் நல்ல சீசன். இருவரும் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெயினருவி வரிசையில் ஊர்ந்தார்கள். முன்னால் நின்ற அண்ணாச்சிக்குத் தண்ணீர் தடதடவென்று விழும் இடம் கிடைத்தது. போனவர் போனவர்தான். போலீஸ்காரர் விசிலடித்து ஓய்ந்தார். முகம்மதுவின் கண்ணில் எண்ணெய் இறங்கி எரிந்தது. வயிறு அதைவிட எரிந்தது.

ஒருவழியாக அண்ணாச்சி விலகினார். முகம்மது ஓரடி எடுத்து வைப்பதற்குள், "ஏலே தேவா, இங்கன வா!" என்று அவர் கையை நீட்டினார். பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்திருந்த மகன், வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அப்பா நின்ற இடத்தில் போய் நின்றான்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நம்ம பையன்தானவே! நான் நின்ன இடம்லா!"

முகம்மது தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தேவாவின் ஈரத் தலையில் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"புது ராஜா நல்லா குளிக்கட்டும். பேரன் பொறந்து, அவனும் குளிச்சு முடிச்சதும் சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் நான் எண்ணெயோடயே இருக்கேன்."