பூ, ஆனை, வா

எனக்குப் பொறுமை கிடையாது. பால்வாடி டீச்சருக்கு இது ஆகாத குணம் என்று மேற்பார்வைக்கு வந்த அம்மாள் ஒருமுறை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். சாரம் என்கிற எங்கள் பேட்டையில் ஒரு வாடகைக் கூடத்துக்குள் முப்பது வாண்டுகளை அடைத்துவைத்துக்கொண்டு பொறுமையாக இருப்பவர் யாராவது இருந்தால், அவர் காலில் விழ நான் தயார். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பிள்ளைகளையும் உட்கார விடமாட்டேன். அதனாலோ என்னவோ, ஓட விட்டுப் பேச வைப்பது எனக்குக் கைவந்தது.

பழைய காலண்டர் படங்களை வெட்டி, மைதா பசை காய்ச்சி, இனிப்புப் பெட்டி அட்டைகளில் ஒட்டிச் சுவரைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தேன். நான் ஒரு சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் அந்தப் படத்துக்கு ஓட வேண்டும். முதலில் தொட்டவர் அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். வாயே திறக்காத பிள்ளைகூட ஓடிய வேகத்தில் எதையாவது உளறிவிடும். உளறினால் போதும், அங்கிருந்து பிடித்துக்கொள்வேன்.

பொலெத் மட்டும் உளறவில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் பொங்கல் கழிந்து அவளை மார்கரீத் கொண்டுவந்து விட்டாள். மார்கரீத், குழந்தைக்கு அத்தை. குழந்தைக்கு நாலரை வயது. அப்பா ஜெரார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். அம்மா வெள்ளைக்காரி, பிரெஞ்சு ஊரான துலோனில் அவள் இறந்துபோன பிறகு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் குழந்தையை இங்கே அக்காவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். வந்த நாளிலிருந்து குழந்தை வாயைத் திறக்கவில்லை.

"காது கேக்கல டீச்சர். டாக்டரே சொல்லிட்டாரு," என்றாள் மார்கரீத்.

டாக்டர் சொன்னது காதில் கோளாறு இருக்கலாம் என்று. அந்த 'லாம்' வரும் வழியில் தொலைந்துவிட்டது.

"தம்பி லீவுல வர்றான். மெட்ராஸ்ல காது கேக்காத, பேச்சு வராத பிள்ளைங்களுக்கு ஒரு ஆஸ்டல் இருக்காம். எடம் கேட்டு வச்சிருக்கான். அவன் வர்றதுக்குள்ள பேசலன்னா அங்கதான். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்."

"பிரெஞ்சுல பேசிப் பாத்தீங்களா?"

"எனக்கு ஏது டீச்சர் பிரெஞ்சு? பேருதான் மார்கரீத், படிச்சதெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதுவுமில்லாம, அம்மா ஞாபகம் வரக்கூடாது, தமிழ்லயே பேசுங்கன்னு சொல்லிட்டுப் போனான்."

நாலரை வயதில் ஆஸ்டல். குழந்தையைப் பார்த்துக் கையை ஆட்டி, "வா" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள். "வாம்மா, வா வா" என்றேன். வேகமாக நடந்தாள். கத்தினேன். ஓடியே போனாள்.

"பாத்தீங்களா?" என்றாள் மார்கரீத்.

பார்த்தேன். காது கேட்காத பிள்ளை, கத்தக் கத்த ஏன் ஓட வேண்டும்?

மறுநாளே ஆட்டத்தில் நிறுத்தினேன். "பூ" என்று நான் சொன்னதும் எல்லோரும் செம்பருத்திப் படத்துக்கு ஓடினார்கள். பொலெத் நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தலையில் வைத்துச் சொறிந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூ தலையில் வைப்பதுதானே, கேட்டுவிட்டது, புரிந்தும் விட்டது. அடுத்து பிள்ளைகள் "ஆனை, ஆனை" என்று கத்திக்கொண்டு ஓடியபோது, கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் காது போல ஆட்டினாள். யானைக் காது பக்கவாட்டில் அல்லவா இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. குழந்தைதானே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வா என்றால் மட்டும் போய்விடுவாள். நாள் ஓடியதே தவிர ஒரு சொல் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், ஒரு பாவமும் அறியாத பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். ஜெரார் எப்போது வந்து நிற்பாரோ என்று வாசலில் சைக்கிள் மணி அடித்தால்கூடத் திடுக்கிட்டேன்.

ஒரு சனிக்கிழமை வந்தார். ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத சட்டை. மகளைத் தொடத் தயங்கியதுபோல் தள்ளியே நின்றார்.

"இத பாருங்க முசே," என்று எங்கள் ஊர் வழக்கப்படி பிரெஞ்சு 'ஐயா' போட்டுப் பெருமையாக ஆரம்பித்தேன். "பூ."

பொலெத் தலையைச் சொறிந்தாள்.

"தலையில வைக்கறதுன்னு தெரியுது, பாத்தீங்களா?"

அவர் முகம் மலரவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது பூ இல்ல டீச்சர். பிரெஞ்சுல பூன்னா பேன்."

"அப்ப ஆனை?"

"'ஆன்'னா கழுத. ஆனைன்னு நீங்க சொல்றது அவளுக்கு அப்படித்தான் கேக்குது. கழுதைக் காதுதான் காட்டறா."

என் பெருமை அத்தனையும் புஸ்ஸென்று போனது. அடுத்த நொடியே மனம் குதித்தது. அப்படியானால் காது நன்றாகக் கேட்கிறது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் எழும்பியது, கேட்கப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

"வான்னா என்ன அர்த்தம்?"

"போன்னு அர்த்தம்" என்றார்.

இத்தனை மாதமாக அத்தை, அக்கம்பக்கம், நான், என் முப்பது வாண்டுகள், எல்லோரும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அந்தக் குழந்தையைப் போ, போ என்று சொல்லியிருக்கிறோம். போதாததற்கு, நாம் கையைக் கவிழ்த்து விரல்களை ஆட்டிக் கூப்பிடுவது அவள் ஊரில் விரட்டுவதாம். அவளும் சொன்ன பேச்சைக் கேட்டுப் போயிருக்கிறாள். பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று வைத்திருந்தேன், அன்று அழுதேன்.

"அப்ப ஆஸ்டல் வேணாம்தானே?" என்றேன்.

"காது கேக்குது, சரி. பேச்சு வரலியே. அக்காவாலயும் முடியல. திங்கக்கிழம கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க பிரெஞ்சுல பேசுங்களேன்."

"நேத்து பேசினேன். மூஞ்சியத் திருப்பிக்கறா. நான்தான் அனுப்பிச்சேன்னு அவளுக்குத் தெரியும்."

"அடுத்த திங்கக்கிழம போங்க. ஒரு வாரம் குடுங்க" என்று சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன். என் தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டார்.

ஆட்டத்தை மாற்றினேன். அட்டைகளைச் சுவரிலிருந்து கழற்றிப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிவிட்டு, வட்டமாக நிறுத்தினேன். நடுவில் ஒருவர் நிற்பார். "மயில், வா" என்று கூப்பிட்டால் மயில் நடுவுக்கு ஓட வேண்டும். கூப்பிட்டவர் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். பொலெத் கழுத்தில் செம்பருத்தி. "பூ, வா" என்றதும் முதல் நாள் அவள் வாசல் பக்கம் திரும்பினாள். நடுவில் நின்ற சின்னப்பாப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டிக்கொண்டாள். மறுபடி, மறுபடி. அன்று வேறு எந்த ஆட்டமும் ஆடவில்லை. வாரக் கடைசியில் பூ என்றால் அவள் சொறியவில்லை. வா என்றால் வந்தாள். கட்டிப்பிடித்தால் விடவில்லை. ஆனால் அவள் நடுவில் நிற்கும் முறை வந்தால் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பாள். பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்தவரை நிறுத்துவார்கள்.

திங்கட்கிழமை ஜெரார் வாசலில் நின்றார். கையில் குழந்தையின் துணிப்பை.

"பஸ்ஸுக்கு நேரமாவுது டீச்சர்."

"அவ முறை வந்திருக்கு. முடியட்டும்," என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன்.

பொலெத் நடுவில் நின்றாள். மயிலைப் பார்க்கவில்லை, யானையைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை ஆட்டினாள்.

"வா."

ஜெராரின் முகம் செத்துப்போயிற்று. தலையை ஆட்டினார். பையைத் தூணோரமாக வைத்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோலத் திரும்பித் தெருவைப் பார்த்து நடந்தார். பொலெத் இன்னும் சத்தமாக "வா" என்றாள். அவர் நடையை எட்டிப் போட்டார்.

நான் வாசலுக்கு ஓடினேன்.

"முசே, அது பிரெஞ்சு இல்ல. தமிழு. உங்களத்தான் கூப்புடறா."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.