கோடுகள் கூடும் இடம்

அன்றைக்குக் கணக்கு அக்கா தன் தம்பியின் பட்டறைக்குப் போகாமலே இருந்திருக்கலாம். போனாளே! இரும்புக் கூரைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு; எங்கே போனாலும் கண் மேலேதான் போகும். கூரைச் சட்டத்தின் அடிக்கம்பியில், கம்பிகள் சேரும் இரண்டு ஜாயின்டுகளுக்கு நட்டநடுவே, இஞ்சின் தூக்கும் செயின் பிளாக் தொங்கியது. கம்பி லேசாகத் தொய்ந்திருந்தது. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“அறிவிருக்காடா உனக்கு? எடையை ஜாயின்ட்லதான் தொங்கவிடணும். நடுவுல விட்டா கம்பி வளைஞ்சு எல்லாம் தலையில இறங்கும்!”

“வருஷக்கணக்கா இதுலதான் இஞ்சின் தூக்கறேன். ஒண்ணும் ஆகலையே,” என்று தம்பி சிரித்தான். “சரி சரி, முறைக்காதக்கா. மாத்திடறேன்.”

அவள் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

காகிதத்தில் ஜாயின்ட் என்பது ஒரு புள்ளி. கம்பிகளின் நடுக்கோடுகள் பிசகாமல் அங்கே வந்து கூடும். கணக்கு சுலபமாக வரட்டுமென்று நாமாக வைத்துக்கொள்ளும் நினைப்பு அது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஏறி ஒரு பார்வை பார்த்திருக்கலாமே, பாவி!

சட்டத்தை வெல்டிங் செய்த மகராசன், கைக்கு வசதியாகச் சாய்வுக் கம்பிகளை நாலு விரல் தள்ளி ஒட்டியிருந்தான். கோடுகள் அங்கே கூடவேயில்லை. நடுவில் தொங்கியவரை எடை இரண்டு ஜாயின்டுகளுக்கும் பாதிப் பாதியாகப் போயிற்று. தம்பி அக்கா சொன்னபடி இடம் மாற்றியதும் மொத்தமும் ஒன்றின் மேல். இஞ்சின் தரையை விட்டு எழும்பியதும் அந்த ஜாயின்ட் முறுக்கிக்கொண்டு கிழிந்தது. அடியில் நின்ற தம்பி அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

விசாரிக்க வந்தவரிடம், “அக்கா பாத்து சொன்ன இடம் சார், தப்பா இருக்காது,” என்றார்கள் பட்டறை ஆட்கள். அவளைக் காப்பாற்றுகிறார்களாம். அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடியதும் தம்பி மனைவி அவளை உள்ளே கூப்பிட்டாள். நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால்கூட ஆறியிருக்கும். தோளில் குழந்தை தூங்க, அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். ஷீட் கூரை, அதே வெல்டர் செய்த சட்டம்.

“பயமாயிருக்கு அண்ணி. கட்டிலை எங்க போடட்டும்? நீங்க சொல்ற இடத்துல போட்டுக்கறேன்.”

அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

“முதல்ல வெளிய வாம்மா,” என்றாள். அதற்கு மேல் எதுவும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.