தேயிலைப் பஞ்சுத் தலையணை

அமிர்தலிங்கத்துக்கு அன்று உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. இருமி இருமி நெஞ்சு இறுகிக்கொண்டு மூச்சு பாதியிலேயே நின்றது. டாக்டர் சொல்லி லீவு போட்டு எட்டு நாளாகிறது. வீட்டிலேயே கிடந்தும் இந்த லட்சணம்!

"எல்லாம் இந்தப் பாழாப்போன பனிதான்," என்று மனைவி மணியம்மா ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

அவர்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் தேயிலைத்தூள் சலிக்கும் அறையில் அவருக்குப் பதினோரு வருஷ வேலை. சலிக்கும்போது பஞ்சாகப் பறக்கும் தூசியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "இது பனியால வர்ற நோயில்ல. அந்தத் தூசி உங்க நுரையீரலுக்கு ஒத்துக்கல. கொஞ்ச நாள் அது படாம இருந்து பாருங்க."

இருந்து பார்த்தார், குணமாகவில்லை. டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று மனுஷன் முடிவு கட்டிவிட்டார். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது. வருகிற திங்கட்கிழமை மகள் சீதா அதே அறையில் வேலைக்குச் சேர வேண்டும். மலையில் வெயிலிலும் மழையிலும் நிற்காத நிழல் வேலையாயிற்றே! அதற்காகத் தோட்டத்து ஆபீஸில் ஆள் எடுக்கும் கிராணி ராதாகிருஷ்ணனிடம் ஆறு மாதம் நடையாய் நடந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான ரிங்லெட்டில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். போய், துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்து இரண்டு ராத்திரி தங்கினார். அங்கேயும் குளிர்தான். ஆனால் ஞாயிறு காலையில் எழுந்தபோது இருமலே இல்லை. என்ன அதிசயம் என்று யோசித்தபடியே பஸ் ஏறினார்.

வீட்டுக்குள் நுழைந்தால், சீதா சுருண்டு படுத்து இருமிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா இப்படி?"

"ஒரு மாசமாப்பா. பனிதான்லா."

ஒரு மாதம்! தன் இருமலில் மகளின் இருமல் அவர் காதில் விழவே இல்லை. அவள் தலைக்கடியில் இருந்த தலையணையை அவர் பார்த்தார். சலிக்கும் அறையில் கூட்டி அள்ளும் தேயிலைப் பஞ்சைக் கொண்டுவந்து தலையணைக்கு அடைப்பது அந்தத் தொழிலாளர் லயத்து வழக்கம். மெத்தென்று இருக்குமே! அவர் தலையணையும் அதுதான். மகளுக்குப் போன மாதம்தான் ஆசையாகத் தைத்துக் கொடுத்திருந்தார். உருவி ஒரு தட்டுத் தட்டினார், குப்பென்று தூசி எழும்பியது.

"ஐயோ, பாவி நான்! தொழிற்சாலைய வீட்டுக்கே கொண்டாந்து உன் தலைமாட்டுல வெச்சிருக்கேனே!"

இரண்டு தலையணைகளையும் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, நின்ற நிலையில் கிராணி வீட்டுக்குப் போனார்.

"சீதா பேர அடிச்சிருங்க ஐயா."

"பைத்தியமா உனக்கு? அந்த வேலைக்கு எத்தன பேரு காத்துக் கெடக்கறாங்க தெரியுமா?"

"அவங்ககிட்டயும் சொல்றேன். தூசிய வெளிய இழுக்கற காத்தாடி போடுங்க, மூக்குக்குத் துணி குடுங்க. அது வரைக்கும் என் புள்ள அங்க வராது."

வீட்டில் சீதா அழுதாள். "அப்ப நான் மலையில கொழுந்து எடுக்கணுமா? அட்ட கடிக்கும்பா!"

"கடிக்கட்டும். கால்ல ஏறின அட்ட உப்பு வெச்சா விழுந்துரும். நெஞ்சுக்குள்ள பூந்த தூசி எத வெச்சாலும் விழாது புள்ள. நோவு வந்தா மருந்த மட்டும் தேடக்கூடாது, அது எங்கேருந்து வருதுன்னும் தேடணும். பதினோரு வருஷமா நான் தேடல."