கதவைக் கழற்றிய ஆலோசகர்

எழுத்தில் பழுத்தவர்கள் நிறைந்த சபையில் கதை சொல்லத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். சும்மா இருந்திருக்கலாம், ஆனால் ஆலோசகரின் புகழ் குடத்திலிட்ட விளக்காகிவிடுமோ என்ற கவலை விடவில்லை.

மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் திருத்துவதற்கென்றே அவதரித்தவர் அவர். யாருக்கும் ஊசி போட்டதில்லை. எந்த முதியவரையும் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்ததில்லை. அத்தகைய சில்லறை வேலைகள் தொலைநோக்கைக் கெடுக்கும் என்பது அவர் துணிபு. அவர் திருத்தியது பணிப்பண்பாட்டை, வளர்த்தது தலைமையை. பணியாளர்களை வட்டமாக அமர்த்தி, நூற்கண்டை ஒருவர் மாற்றி ஒருவர் எறியச் செய்து, "இதுதாங்க நம்பிக்கை" என்பார். உள்ளே நூல் சிக்கிக்கொள்ளும். வெளியே அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

அவ்வாண்டு அவருக்கு வாய்த்த முதியோர் இல்லத்தில் தலைமைச் செவிலியராக இருந்தவர் அவருடைய உடன்பிறந்த அக்கா. இயக்குநரிடம் தம்பிக்காகப் பரிந்து பேசியவரும் அவரே.

வந்த அன்றே ஆலோசகர் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். அக்காவின் அறைக்கு ஒரு கதவு இருந்தது. அதனினும் கொடுமை, அது மூடியிருந்தது.

"தலைமைன்னா எப்பவும் திறந்திருக்கணும்க்கா. கழட்டிடலாம்."

"டேய், இது மூடினாதான்டா இங்க வாய் திறப்பாங்க."

"உனக்கு மாற்றத்து மேல பயம். அது சகஜம்தான்."

"எனக்கு உன் மேலதான்டா பயம்."

தச்சர் வந்தார். "நல்ல கதவாச்சே சார், எதுக்குக் கழட்டணும்?"

"வெளிப்படைத்தன்மைக்கு."

"அப்ப கக்கூஸ் கதவையும் கழட்டிடவா?"

இத்தகைய எதிர்ப்புகளைப் புன்னகையால் கடப்பதே தலைமை என்பதால் ஆலோசகர் புன்னகைத்தார்.

வாசல் திறந்தது, எதிரே பராமரிப்புப் பணியாளர்களுக்கு வேலை ஏவும் மேற்பார்வையாளரின் மேசை இருந்தது. அக்காவிடம் புகார் சொல்ல வருவோர் மேற்பார்வையாளரின் முகத்தைக் கண்டதும் வணக்கம் சொல்லித் திரும்பினர். புகார்களே இல்லாமற்போயின. ஆலோசகர் அதை வண்ண வரைபடமாக்கிக் காட்ட, இயக்குநர் உச்சி குளிர்ந்து, தம் பிற இல்லங்களையும் அவரிடமே தருவதாக வாக்களித்தார்.

ஒரு நாள் பராமரிப்புப் பெண் ஒருத்தி வாசலில் தயங்கி நின்றாள். "சிஸ்டர், பெரியவங்களைக் கட்டில்லேர்ந்து தூக்கி விடுற மெஷின் பட்டை..." என்றவள் மேற்பார்வையாளர் நிமிர்வதைக் கண்டதும், "அப்புறம் வரேன் சிஸ்டர்" என்றாள்.

அக்கா எழுந்து அவளைத் துணி அடுக்கும் அறைக்கு அழைத்துப் போக முயன்றார். ஆலோசகர் குறுக்கே நின்றார்.

"மூலையில குசுகுசுன்னு பேசுறதுதான்க்கா பழைய பண்பாடு. எதுவா இருந்தாலும் வட்டத்துல சொல்லட்டும்."

"வழியை விடுடா."

"இயக்குநர் பார்த்துட்டிருக்கார்க்கா. என் மானத்தை வாங்காத."

தம்பியின் பிழைப்பாயிற்றே என்று அக்கா நின்றுவிட்டார். வட்டம் கூடியது. பெண்ணின் கையில் நூலின் ஒரு முனை. மறுமுனை, பட்டை தேய்ந்ததை அவள் முன்பு சொன்னபோது "வாயை மூடிட்டு வேலையப் பாரு" என்று விரட்டிய அதே மேற்பார்வையாளரின் கையில்.

"தயங்காம சொல்லும்மா," என்றார் ஆலோசகர்.

"எல்லாம் நல்லா இருக்கு சார்."

அனைவரும் கைதட்டினர்.

அவ்வாரமே பட்டை அறுந்தது. முன்பு பேருந்து ஓட்டிய பெரியவர் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

விசாரணையில் இயக்குநர் கேட்டார்: "இது முன்னாடியே யார் காதுக்கும் வரலையா?"

அக்கா தம்பியைப் பார்த்தார். தான் மறித்ததை அவன் சொன்னால் அக்காவின் பதவி தப்பும். ஆலோசகர் தொண்டையைச் செருமினார்.

"பணியாளர்கள் மனம்விட்டுப் பேசுற சூழலைத் தலைமைச் செவிலியர் உருவாக்கல சார். என் அறிக்கையிலயும் அதைத்தான் சொல்லியிருக்கேன்."

"அவர் சொல்றது சரிதான் சார்," என்றார் அக்கா. பிறந்தது முதல் 'டா' போட்டு அழைத்த தம்பியை அன்றுதான் 'அவர்' என்றார்.

இழப்பைச் சொல்லி முடிக்கிறேன். பெரியவருக்கு நடை போயிற்று. பராமரிப்புப் பெண் சொல்லாமலே வேலையை விட்டுப் போனாள். அக்காவுக்குப் பதவி போயிற்று. ஆலோசகருக்கு அக்கா போனார். பிற இல்லங்கள் கிடைத்தன.