உள்ளே ஆள் இருக்கிற வீடு

“ஒரு வருஷம் ஆகும்ங்கறார். பரவாயில்லயான்னு கேக்கறார்.” போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவள் கேட்டாள்.

“ஆகட்டும். நமக்கென்ன அவசரம்?”

“திருப்பி அனுப்ப அட்ரஸ் வேணுமாம். நம்ம வீட்டு அட்ரஸே குடுத்துடவா?”

“பின்னே? ஒரு வருஷத்துல நாம எங்க போயிடப் போறோம்?”

சொன்னவன் அவன்தான். அதிகம் பேசாத மனிதனுக்கு ஒரு தண்டனை உண்டு; பேசிய நாலு வார்த்தையும் தேதி கிழமையோடு நினைவில் தங்கிவிடும். அன்று அவள் ஈரத்தலையைத் துண்டில் சுற்றியிருந்தாள். மேசைமேல் அவளுடைய அப்பாவின் கைக்கடிகாரம் கிடந்தது. சரக்கு ரயிலில் கார்டாக முப்பது வருஷம் ஓடிய மனுஷர் கட்டியிருந்தது. முகப்பை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார். கொடியைப் பிடித்த கையை இறக்காமலே நேரம் பார்க்கலாம் என்பார். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அதற்குச் சாவி கொடுத்துவிடுவார். அவர் போன பத்தாம் நாள் அது நின்றது. உள்ளே ஊசிமுனை அளவில் ஒரு அச்சு உடைந்திருக்கிறது என்று உள்ளூர்க் கடையில் திறந்து பார்த்துச் சொன்னார்கள். அந்த மாதிரிக் கடிகாரம் இப்போது யாரும் செய்வதில்லை, தேடிப் பிடித்துத்தான் போட வேண்டும் என்று தூரத்து ஊரில் இருந்த கடிகார ரிப்பேர்காரர் சொன்னார். விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது, விற்கிறீர்களா என்றும் கேட்டார். அவள் போனிலேயே சண்டைக்குப் போய்விட்டாள். அப்பாவுடையது என்று அவளிடம் வேறு எதுவும் இல்லை.

அந்த ஒரு வருஷத்தின் நாலாவது மாதத்தில் அவள் போய்விட்டாள்.

பெரிய சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்கு இப்போது தோன்றுகிறது. “உங்களோட குடும்பம் நடத்தறது சுவரோட பந்தாடற மாதிரி இருக்குங்க. அடிச்சா திரும்பி வருது. அதுவா ஒருநாளும் ஆடாது” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். பிறகு சிரிக்காமலும் சொன்னாள். பெட்டியோடு வாசலில் நின்ற அன்று அவள் உடனே இறங்கிவிடவில்லை. பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். குடையை எடுத்துவைத்தேனா என்றாள். குழாயை மூடினீங்களா என்றாள். பெட்டி கனமாக இருந்தது. அவள் சிரமப்படக் கூடாதே என்று அவனே அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, ஆட்டோவில் ஏற்றிவிட்டான். ஏறி உட்கார்ந்தவள் அவனைப் பார்த்த பார்வைக்கு என்ன பொருள் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. வாடிக்கையாளரோடு பேசுவதெல்லாம் முதலாளியின் பாடு. சக்கரம் சுற்றும், தண்ணீர் சொட்டும், வட்டமாக வந்த கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக ஃபிரேமின் வடிவத்துக்கு இறங்கும். பேச்சுக்கு வேலையில்லாத அந்த அறை அவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. புதன்கிழமை மதியம் போன் அடித்தபோது திரையில் அவள் படத்தைப் பார்த்து ஈரக்கையோடே எடுத்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு வருகிற அழைப்பு.

“பார்சல வாங்கிட்டீங்களா?”

“எந்தப் பார்சல்?”

“அப்பா வாட்ச். ஒப்படைச்சாச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு. பதினொன்னே முக்காலுக்கு. நீங்க வீட்ல இல்லயா?”

“கடையில இருக்கேன்.”

“அப்ப யார் வாங்கினது?”

சக்கரம் பின்னால் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

“எனக்கு லேப்ல மாத்தல் போட்டுட்டாங்க. போட்டுட்டாங்கன்னா... நானாத்தான் கேட்டேன். தூரம்தான். சனிக்கிழமை சாயங்காலம் வண்டி. அதுக்குள்ள கெடச்சா நானே வந்து வாங்கிக்கறேன்.”

“சரி.”

“சரியா?”

“சரி, தேடறேன்.”

வைத்துவிட்டாள். மூன்று மாடியையும் அவன் எப்படி ஏறினானோ தெரியாது. வாசலில் மிதியடி இருந்தது. அதன்மேல் அவளுடைய பழுப்பு வார்ச் செருப்பு இருந்தது. பார்சல் இல்லை. மிதியடியைத் தூக்கிப் பார்த்தான். தண்ணீர் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தான். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. கீழ்வீட்டு அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ், கதவைத் திறந்து, அவன் கேட்டதும் சிரித்தார்.

“உன் வீட்டம்மா எடுத்து உள்ள வெச்சிருப்பாப்பா. செருப்பு மேலதான கெடக்கு? பொண்டாட்டியக் கேக்காம ஊரையெல்லாம் கேட்டுட்டுத் திரியற!”

அவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அந்தச் செருப்பை அவள் வேண்டாம் என்றுதான் விட்டுப்போனாள். இடது குதிகால் தேய்ந்த, வீட்டுக்கும் கடைக்கும் போட்டுக்கொள்கிற செருப்பு. முதல் ஞாயிற்றுக்கிழமை வாசலைப் பெருக்கும்போது எடுத்துக் குப்பையில் போடத்தான் நினைத்தான். தூசி தட்டித் திரும்ப வைத்தான். அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே ஆனது. தட்டுவான், துடைப்பான், இரண்டையும் ஒட்டி, முனை கதவைப் பார்க்க வைப்பான். இப்போதுதான் உள்ளே போனவள் கழற்றிவிட்ட மாதிரி இருக்கும். மாலையில் கடைசிப் படியில் ஏறும்போது கண்ணில் முதலில் படுவது அதுதான். சாவியைத் திருப்புகிற அந்த ஒரு நிமிஷத்துக்கு உள்ளே ஆள் இருக்கிறது. கதவு திறந்துவிட்டால் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டியிருந்தான். அக்கம்பக்கத்தில் யாரிடமும் அவன் பொய் சொல்லவில்லை. செருப்பு சொன்னது, அவன் மறுக்கவில்லை.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கூரியர் அலுவலகத்துக்குப் போனான். புகார்ப் படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் கடகடவென்று நிரப்பியவன், ‘பெறுநருக்குத் தாங்கள் என்ன உறவு’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். ‘கணவர்’ என்று எழுதினான். எழுத்து கொஞ்சம் சிறியதாக விழுந்துவிட்டது.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண், பார்சலை வைத்ததும் எடுத்த படம் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அவன் வீட்டு வாசல். மிதியடி, பழுப்புச் செருப்பு, செருப்பை ஒட்டிச் செங்கல் அளவில் ஒரு அட்டைப்பெட்டி. ‘கையெழுத்து வாங்கித் தரவும்’ என்ற சிவப்பு ஒட்டுச்சீட்டுகூடத் தெரிந்தது. அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

பார்சல் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டார்கள். நரைத்த மீசை, தோளில் பை, வெயிலில் வெந்த முகம். அவர் நேராக அவனிடம் வந்தார்.

“சார், மூணு தடவ மணி அடிச்சேன் சார். வாசல்ல அம்மா செருப்பு இருந்துச்சு. குளிக்கறாங்களோ என்னவோன்னு நெனச்சேன். ரெண்டு நிமிஷம் நின்னேன். கீழ வண்டியில அம்பது பார்சல் கெடக்கு. சரி, உள்ள ஆள் இருக்கு, வந்து எடுத்துக்குவாங்கன்னு வெச்சுட்டு எறங்கிட்டேன். செருப்பு இல்லாட்டி சத்தியமா வெச்சிருக்க மாட்டேன் சார். திருப்பிக் கொண்டாந்திருப்பேன்.”

அவன் திரையில் தெரிந்த செருப்பைப் பார்த்தான்.

“பதினாறு வருஷமா ஒரு பார்சல் தொலச்சதில்ல சார். அம்மா உள்ளதான இருந்தாங்க?”

அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவன் பதிலுக்குக் காத்திருந்தாள். அவர் மீசையில் வியர்வை நின்றது. ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள். நஷ்ட ஈடும் கொடுப்பார்களாம்.

“தப்பு எங்க பக்கந்தான். அவர் மேல எழுதாதீங்க” என்றான்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கட்டிடத்தின் பன்னிரண்டு வீட்டுக் கதவையும் தட்டினான். எட்டு மாதத்தில் பேசாத பேச்சை ஒரே நாளில் பேசினான். படிக்கட்டுச் சுவரில் சீட்டு ஒட்டினான்: ‘அது இறந்துபோன ஒருவருடைய கடிகாரம். எடுத்தவர் எதுவும் சொல்ல வேண்டாம், கதவருகே வைத்துவிட்டால் போதும்.’ ரிப்பேர்காரரைக் கூப்பிட்டான். “நல்லா ஓடுதுப்பா. செவ்வாய்க்கெழம சாயங்காலம் சாவி குடுத்துத்தான் பொட்டியில வெச்சேன். காதுல வெச்சுக் கேட்டுட்டுத்தான் ஒட்டினேன்” என்றார் அவர். ஒரு தடவை சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடும். அப்படியானால் புதன்கிழமை அவன் வாசலில், அவள் செருப்புக்குப் பக்கத்தில், மாமனாரின் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் கையில் வியாழக்கிழமைக்குள் நின்றுபோயிருக்கும். அதற்குக் காலையில் சாவி கொடுக்க வேண்டும் என்று எடுத்தவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வந்தாள். கையில் ஒரே ஒரு பை. மற்ற சாமான்களை முன்னமே அனுப்பிவிட்டாளாம். இளைத்திருந்தாள். நெற்றியோரத்தில் முடியை வேறு மாதிரி ஒதுக்கியிருந்தாள். மாடி ஏறிய மூச்சு வாங்க நின்று கேட்டாள்.

“கீழ்வீட்டக்கா, ‘என்னம்மா, இப்பல்லாம் மொட்டமாடிக்கே வர்றதில்ல, கோவமா?’ங்கறாங்க. நான் இங்க இல்லன்னு அவங்களுக்குத் தெரியாதா?”

“உள்ள வா. தண்ணி தரேன்.”

“கெடச்சுதா?”

இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் உள்ளே வரவில்லை. மாடிப்படியின் மேல்படியில் அப்படியே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தன்னை அறியாமல் இடது கையைத் திருப்பி மணிக்கட்டின் உட்பக்கத்தைப் பார்த்தாள், அப்பா பார்ப்பதுபோல. அங்கே ஒன்றும் இல்லை. கையை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

“கடைசியா ஆஸ்பத்திரியில, நர்ஸ் ஊசி போட வாட்சக் கழட்டணும்னாங்க. எங்கிட்ட குடுத்து, ‘நிக்க விட்டுடாதம்மா’ன்னார். அவ்ளோதான் கேட்டார்.”

அவன் புகாரின் நகலையும், கூரியர் அலுவலகத்தில் அச்செடுத்துக் கொடுத்த படத்தையும் அவளிடம் நீட்டினான். மறைத்துவிடலாம் என்று காலையிலிருந்து நூறு தடவை நினைத்த படம். அவள் முதலில் பெட்டியைப் பார்த்தாள், அதை விரலால் தொட்டாள். பிறகு விரல் நகர்ந்து நின்றது. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“இது என் செருப்புல்ல?”

“ஆமா.”

“தூக்கிப் போடலயா?”

“இல்ல.”

“தூசியே இல்லயே.”

அவன் நின்றபடியே சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னான். கூரியர்காரர் மூன்று தடவை மணி அடித்ததைச் சொன்னான். “செருப்பப் பாத்துட்டுதான் வெச்சுட்டுப் போயிருக்கார். அது இல்லன்னா இன்னிக்கு வாட்ச் உன் கையில இருந்திருக்கும். தொலச்சது நான்தான்” என்றான். இவ்வளவு நீளமாக அவளிடம் அவன் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், படத்தில் ஈரம் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கீழே எங்கோ கதவு திறந்து மூடியது. வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அட்ரஸ மாத்தணும்னு எத்தன தடவ வாட்ச் ரிப்பேர்காரருக்குப் போன் போட எடுத்தேன் தெரியுமா? எடுத்து எடுத்து வெச்சேன். இங்க ஏதாவது ஒண்ணு எனக்குன்னு வரட்டுமேன்னு.” மூக்கை உறிஞ்சினாள். “நீங்க என்னன்னா... கூரியர்காரர்லேருந்து கீழ்வீட்டக்கா வரைக்கும் எல்லாருக்கும் நான் உள்ள இருக்கேன்னு சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லல.”

எழுந்தாள். செருப்பை எடுத்தாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை உதறிப் பார்த்தாள், அது சிறியதாக இருந்தது. பரவாயில்லை என்று செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

“இத நான் கொண்டுபோறேன். இனிமே யாரும் இத நம்பி எதையும் வெச்சுட்டுப் போக வேணாம். வண்டிக்கு நேரமாச்சு.”

மிதியடியில் செருப்பு இருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல், இரண்டு பாத வடிவத்தில் புதிதாக இருந்தது. அவள் பையைத் தூக்கினாள். கனம் போலும், தோள் ஒருபக்கம் சாய்ந்தது. அவன் கை, பழக்கத்தில், அதை வாங்க நீண்டது. வார் விரலில் பட்டது. அவளும் பழக்கத்தில் கொஞ்சம் தளர்த்தினாள், கொடுப்பதற்கு.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு பையைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று படி. நாலாவது படியில் தேய்ந்த செருப்பொன்று கைப்பிடிக் கம்பியில் இடித்தது. அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். நெஞ்சுக்குள் எட்டு மாதமாக, இல்லை, அதற்கும் முன்னாலிருந்து கிடந்த ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்து எப்போதும்போல நின்றது. நிற்க விட்டுவிடாதே என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

“பைய நான் தூக்கிட்டு வர மாட்டேன்” என்றான்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

“அன்னிக்கும் தூக்கியிருக்கக் கூடாது.” குரல் உடைந்து மாடிப்படி முழுக்கக் கேட்டது. கீழ்வீட்டுக் கதவு மெல்லத் திறந்தது. அவன் கவலைப்படவில்லை. “போகாத. எனக்கு நீ வேணும். போகாத.”

அவள் கையில் செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று மோதி, லேசாக ஆடிக்கொண்டிருந்தன.